பி-704க்கு வந்த விருந்தாளி

தான் கடும் தனிமையில் வாடிக்கொண்டிருக்கிறோம் என்கிற சங்கதி பியூலா டீச்சருக்கு லிஃப்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தபோதுதான் தெரியவந்தது.

நாலு மூலையிலும் செலோ டேப் போட்டு ஒட்டிய ஒரு தாள். மேலே 'பெலிகன் ஷோர்ஸ் குடியிருப்போர் நலச்சங்கம், தனிமை ஒழிப்பு உபகுழு' என்று தடித்த எழுத்து. அதற்குக் கீழே 'இணைப்பு 2: கடும் தனிமையில் உள்ளோர் பட்டியல்'. மொத்தம் எட்டுப் பேர். மூன்றாவது வரியில், 'பி-704. திருமதி பியூலா வேதசிரோமணி. வயது 67. உடன் வசிப்போர்: இல்லை. கடந்த ஆறு மாதத்தில் வந்த விருந்தினர்: 0.' கூடவே லிஃப்டில் வந்த பெண் பட்டியலையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாம் மாடியில் இறங்கும்போது "டேக் கேர் ஆன்ட்டி" என்றாள். நாலு வருஷமாக அதே லிஃப்டில் பார்க்கிற பெண்தான். அவள் டீச்சரிடம் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

பெலிகன் ஷோர்ஸ் இருப்பது கோவிலம்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. மூன்று டவர், இருநூற்றுப் பதினாறு வீடு. முன்னொரு காலத்தில் அந்த இடம் ஏரியாக இருந்ததாகவும் கூழைக்கடாக்கள் வந்துபோனதாகவும் சொல்வார்கள். கூழைக்கடா என்று பெயர் வைத்தால் யார் வந்து வாங்குவார்கள்? அதனால் பெலிகன். பறவை இப்போது வருவதில்லை. ஏரி மட்டும் ஒவ்வொரு நவம்பரிலும் தவறாமல் வந்து, கார் நிறுத்துமிடத்தில் நாலு நாள் தங்கிவிட்டுப் போகும். யாருடைய அனுமதியும் இல்லாமல் உள்ளே வந்துபோக முடிந்தது அது ஒன்றுக்குத்தான். மற்ற எல்லாரும், சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், கேட்டில் நின்று 'வாசல்' என்கிற ஆப்பில் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரர் செல்போனில் சம்மதம் அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

இதற்கெல்லாம் துணைவிதிகள் இருந்தன. தொண்ணூற்று நாலு பக்கம். எழுதியவர் செயலாளர் குப்புராஜ். அரசாங்கத்தில் ஏதோ ஒரு துறையில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து, வந்த ஃபைல்களை எல்லாம் வந்த வழியே திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் தவித்த மனிதருக்குச் சங்கம் கிடைத்தது.

தனிமை ஒழிப்பு உபகுழு பிறந்த கதை இது. சி டவரில் ஜீவரத்தினம் என்கிற பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு நாள் கிடந்தார். வாசலில் பால் பாக்கெட் சேர்ந்து, ஒன்று வெடித்து, நாற்றம் எதிர்வீட்டுக்குப் போய், எதிர்வீட்டுக்காரர் பராமரிப்பு பற்றிப் புகார் கொடுத்து, புகாரை விசாரிக்கப் போனபோது பெரியவர் அகப்பட்டார். பிழைத்துக்கொண்டார், இடுப்பில் மட்டும் கம்பி வைத்திருக்கிறார்கள். சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் முதல் தீர்மானம், ஒரு வாசலில் இரண்டு பாக்கெட்டுக்கு மேல் பால் சேரக் கூடாது என்பது. இரண்டாவது தீர்மானம்தான் உபகுழு.

நோட்டீஸைப் படித்த அன்று டீச்சர் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். கடும் தனிமை முகத்தில் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினார். வழக்கமான முகம்தான் இருந்தது. பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த முகம். கணவர் வேதசிரோமணி சார் காலமாகி நாலு வருஷம். மகன் ஷெர்வின் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் போன் பண்ணுவான். மாத்திரை போட்டாயா, லிஃப்ட் வேலை செய்கிறதா, அப்புறம் என்ன, அப்புறம் என்ன. இதையெல்லாம் தனிமை என்று டீச்சர் நினைத்ததில்லை. காரணம் உண்டு. தினமும் நாலு மணிக்கு கோகிலவாணி வருவாள்.

கோகிலவாணி பகல் ஷிஃப்ட் செக்யூரிட்டி. ஐம்பது வயசு இருக்கும். படப்பையிலிருந்து தாம்பரம் வந்து, தாம்பரத்தில் பஸ் மாறி வருகிறவள். நாலு மணிக்கு டீ பிரேக். பி டவர் கூரியர்களை எடுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்கு ஏறிவிடுவாள். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி டைனிங் டேபிளில் கவிழ்த்து, விசிலை அதற்குள் போடுவாள். டீச்சர் டீயும் ரஸ்க்கும் வைப்பார். பிறகு இருவரும் ஒன்றுக்கும் உதவாத விஷயங்களைப் பேசுவார்கள். சி டவர்க்காரர் எதற்கு மூன்றாவது கார் வாங்கினார், படப்பை சந்தையில் முருங்கைக்காய் ஏன் கசக்கிறது, செத்துப்போன புருஷன்மார்கள் இருவரில் யார் அதிகமாகக் குறட்டை விட்டது. கால் மணி நேரம். அந்தக் கால் மணியை வைத்துக்கொண்டு மிச்ச இருபத்து மூன்றே முக்கால் மணியையும் டீச்சர் ஓட்டிவிடுவார்.

"இன்னா டீச்சர், லிஸ்ட்ல உன் பேரப் போட்டுக்கீறாங்கோ?" என்றாள் வாணி, அன்று ரஸ்க்கை நனைத்துக்கொண்டே. "கடும் தனிமையாமே? அப்ப நான் இன்னாத்துக்கு டெய்லி வந்துகினு கீறேன்?"

"நீ கணக்குல வரமாட்டியாம் வாணி. ஸ்டாஃப் விருந்தாளி இல்லையாம்."

"அதுவும் சர்தான். விருந்தாளிக்கு யாராச்சும் இம்மாம் லைட்டா டீ குடுப்பாங்களா?"

டீச்சருக்கு அந்தப் பூஜ்யம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விடைத்தாளில் தப்பு மார்க் விழுந்திருந்தால் திருத்தாமல் தூங்க முடியாத ஜாதி. ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் உபகுழுவின் முதல் கூட்டம் என்று தெரிந்ததும், திருத்திவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார்.

மேடையில் குப்புராஜ். பக்கத்தில் உபகுழுத் தலைவி சத்யபிரியா, ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் எச்.ஆர். வேலையில் இருப்பவர். குப்புராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"தனிமைங்கிறது பர்சனல் மேட்டர்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தோம். தப்பு. அவங்கவங்க வீட்டுக்குள்ள தனியா இருந்தா அது அவங்க இஷ்டம். ஆனா அந்தத் தனிமை ஒருநாள் காரிடாருக்கு வருது. பால் பாக்கெட் ரூபத்துல வருது. காரிடார் காமன் ஏரியா. காமன் ஏரியாவுக்கு வந்துட்டா அது சங்கத்தோட அதிகார எல்லை." கைதட்டல். "நான் முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ்ல இருந்தவன். ஒருநாள் கூட தனிமைன்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சதில்ல. எந்நேரமும் என் ரூமுக்கு வெளில நாப்பது பேராவது காத்துக்கிட்டு நிப்பாங்க."

பட்டியலில் இருந்த எட்டுப் பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். டீச்சரோடு ஆறு பேர் நின்றார்கள். ஜீவரத்தினம் எழ முடியாமல் கை தூக்கினார். இன்னொருவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வி நேரத்தில் டீச்சர் மைக் வாங்கினார். "சார், என் பேரை எடுத்துடுங்க. கணக்குல ஒரு சின்னத் தப்பு. எனக்கு ஆள் இருக்கு. கேட்ல இருக்கிற கோகிலவாணி தினம் நாலு மணிக்கு வருவா. ரெண்டு பேரும் டீ குடிப்போம், பேசுவோம். அதுவே எனக்குப் போதும்."

குப்புராஜ் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க மேடம்?"

"நாலு."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி. சில நாள் இருபது நிமிஷம்."

"எங்க உட்காருவாங்க?"

"டைனிங் டேபிள்லதான்."

முப்பத்தொரு வருஷம் மாணவர்களைக் கேள்வி கேட்ட மனுஷி, கேட்கிறவர் எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்காமல் முழு விடையும் எழுதிக்கொடுத்துவிட்டார். குப்புராஜ் பேனாவை மூடினார். "ரொம்ப நன்றி மேடம். நீங்க சொல்றது தனிமைக்குத் தீர்வு இல்ல. இது செக்யூரிட்டி லேப்ஸ்."

தனிமை ஒழிப்பு உபகுழுவின் முதல் தீர்மானம் அரைமணி நேரத்தில் ஒருமனதாக நிறைவேறியது. காவலர்கள் தரைத்தளத்துக்கு மேலே ஏறக் கூடாது. கூரியர்களை அலமாரியில் வைக்க வேண்டும். குடியிருப்போரிடம் வணக்கம் சொல்லலாம். அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. கோகிலவாணிக்கு மெமோ.

டீச்சர் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் நாலு மணிக்குக் கீழே இறங்கி கேட் பக்கம் போனார். வாணி விறைப்பாக நின்று "குட் ஈவினிங் மேடம்" என்றாள். கேமரா இருந்தது. வாணி கண்ணை மட்டும் மேலே காட்டினாள். அவள் மேல் தப்பில்லை என்று டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் அந்த 'மேடம்' நெஞ்சில் போய்க் குத்தியது. இரண்டு டம்ளர் டீயைப் போட்டுவிட்டு வந்திருந்தார். மேலே போய் இரண்டையும் அவரே குடித்தார்.

காலியான இடத்தைச் சங்கம் சும்மா விடவில்லை. ஒவ்வொரு தனியருக்கும் ஒரு 'துணைவர்' நியமிக்கப்பட்டார். பி-704க்கு வந்தவர் எழில். இருபத்தெட்டு வயசு, ஐ.டி. செவ்வாய்தோறும் நாலு முதல் நாலேகால். காதில் ஹெட்செட், கையில் செல்போன், செல்போனில் நிரப்ப வேண்டிய ஒரு படிவம்.

"நீங்க பேசுங்க ஆன்ட்டி. நான் மீட்டிங்ல இருக்கேன், ஆனா மியூட்லதான் இருக்கேன்."

டீச்சரும் பேசினார். வேதசிரோமணி சாரின் கடைசி மாதத்தைப் பற்றி, கிண்டி ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கத்துப் படுக்கை கேட்டு அவர் பிடித்த அடத்தைப் பற்றிச் சொன்னார். "படுக்கை கிடைச்சுது. மறுநாள் காலைல போயிட்டார்" என்று முடித்தபோது எழில் "யெஸ், சூப்பர், அப்ரூவ்ட்" என்றான். அவரிடம் இல்லை. பிறகு படிவத்தைப் பார்த்து, "சிரிச்சீங்களா ஆன்ட்டி? சிரிச்சதா போட்டாதான் அடுத்த பக்கம் போகுது" என்றான். டீச்சர் சிரித்தார். போட்டோ எடுத்துக்கொண்டான்.

நல்ல பையன்தான். ரஸ்க்கை மூன்று தின்றான். "தம்பி, நீ யாரோட இருக்கே?" என்று டீச்சர் கேட்டார்.

"சி-1102 ஆன்ட்டி. தனியாத்தான்."

"உன் பேர் லிஸ்ட்ல இல்லையே?"

"அறுபது ஆகணும் ஆன்ட்டி." நாலு பதினைந்துக்குச் செல்போன் மணி அடித்தது. எழுந்து போய்விட்டான்.

இப்படி ஒன்றரை மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை டீச்சர் மேடவாக்கம் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினார். கேட்டில் கைப்பையைத் துழாவினால் நுழைவு கார்டு இல்லை. பூஜை ஜாமான் வாங்குகிறவர்கள் கூட்டத்தில் எங்கேயோ விழுந்திருக்கிறது, அல்லது வீட்டிலேயே விட்டுவிட்டார். வாணி சங்கடமாகப் பார்த்தாள். "டீச்சர், கார்டு இல்லாதவங்களுக்கு ரூல் கீது. வூட்டுக்காரங்களா இருந்தாலும் விருந்தாளின்னு பதிஞ்சுதான் உள்ள வுடணும்."

"பதிஞ்சுக்கோ. ரூல்னா ரூல்தான்."

வாணி டேப்லெட்டை எடுத்து ஒற்றை விரலால் தட்டினாள். "பேரு?"

"பியூலா."

"யாரப் பாக்கணும்?"

"பி-704. பியூலா."

"இன்னா உறவு?"

டீச்சர் யோசித்தார். பட்டியலில் உறவினர், நண்பர், டெலிவரி, வேலையாள் என்று இருந்தது. "நண்பர்னு போடு. பெருசா சண்டை ஒண்ணும் கிடையாது."

அனுமதி கேட்டு பி-704க்கு ஆப் செய்தி அனுப்பியது. செய்தி வரவேண்டிய செல்போன் சார்ஜ் போய், கைப்பையில் வெண்டைக்காய்க்கு அடியில் செத்துக்கிடந்தது. விதி 11 என்ன சொல்கிறதென்றால், அனுமதி வரும் வரைக்கும் விருந்தாளியைக் காவலர் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். கண்பார்வையை விட்டு அகலக் கூடாது. தேவையான விவரங்களை விசாரிக்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிஷத்தில் வேண்டுகோள் காலாவதியானால் காவலரே பார்த்து முடிவெடுக்கலாம்.

வாணி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேமராவைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம்? விவரம் விசாரிக்கணும். சொல்லு டீச்சர், ஒடம்பு எப்டி கீது?" என்றாள்.

ஒன்றரை மாதப் பேச்சு மடை திறந்துகொண்டது. நடுநடுவே வாணி எழுந்து காருக்குக் கதவு திறந்துவிட்டு வந்தாள். நாற்பத்தைந்து நிமிஷம் முடிந்ததும் ஆப் கனைத்தது. "சரி, உள்ள போ டீச்சர்" என்று வாணி அனுமதித்தாள்.

லிஃப்டில் ஏறும்போது டீச்சருக்குக் காதுமடல் சூடாக இருந்தது. வகுப்பில் எல்லாரும் திணறுகிற கணக்குக்குச் சட்டென்று விடை பிடிபட்டால் வருகிற சூடு. குடியிருப்பவர் பியூலா, காவலரோடு பேசக் கூடாது. விருந்தாளி பியூலாவோடு காவலர் பேசியே ஆகவேண்டும்.

மறுநாள் மூன்று ஐம்பத்தைந்துக்கு, கார்டை டைனிங் டேபிளில் வைத்துவிட்டு, ஃப்ளாஸ்க்கும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு டீச்சர் கீழே இறங்கினார். வெளியே போக கார்டு வேண்டாம். கேட்டைத் தாண்டி, அயர்ன் வண்டி வரைக்கும் நடந்து, அங்கிருந்து விருந்தாளியாகத் திரும்பி வந்தார்.

"யாரப் பாக்கணும்?" என்றாள் வாணி, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

"பி-704. பியூலான்னு ஒருத்தங்க. இருக்காங்களா?"

"வூட்ல இல்லன்னு நெனைக்கிறேன். குந்து, கேட்டுச் சொல்றேன்."

டீச்சரின் மடியில் செல்போன் அதிரும். 'பியூலா வாசலில் நிற்கிறார். உள்ளே விடலாமா?' டீச்சர் தொடமாட்டார். நாற்பத்தைந்து நிமிஷம். பழைய கால் மணியைப்போல் மூன்று மடங்கு. உயர்ந்த சட்டம் என்று டீச்சர் மனதார குப்புராஜை வாழ்த்தினார். செவ்வாய்க்கிழமை மட்டும் எழில் கிளம்பிய பிறகு இறங்குவார். தினமும் அவரை உள்ளே அனுப்புவது வாணிதான். ஒருநாள் கூட டீச்சர் தன்னைத் தானே அனுமதித்துக்கொண்டதில்லை.

வாணியின் மகள் நர்சிங் முடித்தது, வாணிக்கு முழங்கால் வீங்கியது, டீச்சருக்குக் கனவில் வேதசிரோமணி சார் வந்து ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டது எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நடந்தன. மூன்று மாதம் ஓடிவிட்டது. இவ்வளவு சந்தோஷத்தைச் சங்கம் கண்டுபிடிக்காமல் இருக்குமா? கண்டுபிடித்தது. கண்டுபிடித்த விதம்தான் வேறு மாதிரி.

ஆண்டு விழாவில் சத்யபிரியா திரையில் ஒரு வரைபடம் காட்டினார். தரையில் படுத்திருந்த கோடு ஒன்று ஜூலையில் எழுந்து நின்றது. "பி-704! ஆறு மாசம் முன்னாடி ஜீரோ விசிட்டர்ஸ். இந்தக் காலாண்டுல எழுபத்தொண்ணு! நம்ம துணைவர் திட்டத்தோட இம்பாக்ட்!" எழிலை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் மியூட்டில் இருந்தான். பிறகு டீச்சரை அழைத்து 'தனிமையை வென்ற மூத்த குடிமகள்' என்று எழுதிய கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.

குப்புராஜ் நெகிழ்ந்துபோயிருந்தார். "இந்த எழுபத்தொரு பேர் யாருன்னு நமக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்ல. எண்ணிக்கைதான் அன்பு. ஆனா ஒரு குறை. விருந்தாளிகள் கேட்ல சராசரி நாப்பத்தஞ்சு நிமிஷம் காத்திருக்காங்கன்னு ரிப்போர்ட் சொல்லுது. சங்கத்துக்கே அவமானம். காரணம் மனுஷத் தாமதம். அதனால வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து பகல் ஷிஃப்ட்ல காவலர் கிடையாது. தானியங்கி வாசல் இயந்திரம். ஆறே செகண்ட்."

கேடயம் டீச்சர் கையில் கனத்தது. தப்பைத் திருத்தப்போய்த்தான் முதல் தடவை வாணியை இழந்தார். அது தெரிந்தும், வேறு வழி தோன்றாமல், மைக்கை வாங்கிவிட்டார்.

"சார், அந்த எழுபத்தொரு பேரும் நான்தான். வேற யாரும் வரல. நான்தான் வெளில போய், என்னையே பாக்க வந்தேன். வாணிகிட்ட பேசறதுக்காக. கேட்ல தாமதம் எதுவும் இல்ல சார். அவளை அனுப்பாதீங்க. எனக்குப் பேச அவளை விட்டா ஆள் கிடையாது."

அரங்கத்தில் யாரோ இருமினார்கள். குப்புராஜ் துணைவிதிகளைப் புரட்டினார். ஐந்து நிமிஷம் புரட்டினார். பிறகு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, வியப்பு இருந்தது. "குடியிருப்பவர் தன்னையே சந்திக்க வருவதற்கு எந்த விதியிலயும் தடை இல்ல!"

சத்யபிரியா துள்ளி எழுந்தார். "சார், இது ஃபென்டாஸ்டிக்! செல்ஃப் விசிட்! நம்மள நாமே போய்ப் பாக்கறோமா? இல்லையே! இத ஸ்கீமாவே பண்ணலாம்!"

சுயவருகைத் திட்டம் அங்கேயே, கைதட்டலுக்கு நடுவே, நிறைவேறியது. பட்டியலில் மிச்சமிருந்த ஏழு பேரும் வாரத்துக்கு மூன்று முறை வெளியே போய்த் தங்களைப் பார்க்க வரவேண்டும். இரண்டே மாதத்தில் வளாகத்தில் தனிமை பூஜ்யம் ஆகிவிடும் என்று சத்யபிரியா அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னார். டீச்சரின் கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் குறிப்பேட்டில் ஏறவில்லை. கேட்டதற்கு, அது அஜெண்டாவில் இல்லை என்றார்கள்.

முப்பதாம் தேதி வாணி வழக்கம்போல் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஒரகடத்துல ஒரு கம்பெனில போட்டுக்கீறாங்கோ டீச்சர். வூட்டுக்குக் கிட்ட. ஒரே பஸ்ஸு. முட்டிக்கு நல்லது."

"நல்லதுதான் வாணி."

"போன உள்ள வுடமாட்டாங்களாம். லாக்கர்ல வெச்சுடணுமாம். ஞாயித்துக்கெழம பண்றேன். உன் புள்ள பண்ணி முட்ச்சப்புறம்."

"பண்ணு."

அன்று விவரம் விசாரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். ஆப் கனைத்ததும் வாணி எழுந்தாள். எப்போதும் சொல்கிற "உள்ள போ டீச்சர்" வரவில்லை. டீச்சரின் கையைப் பிடித்து, டம்ளரை வாங்கிக் கழுவி, துடைத்து, பையில் வைத்துக் கொடுத்தாள்.

ஒன்றாம் தேதி. டீச்சருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நாலு மணிக்கு ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றினார். பழக்கத்தில் டம்ளர் இரண்டு எடுத்துவிட்டார். திருப்பி வைக்க மனசு வரவில்லை. அயர்ன் வண்டி வரைக்கும் போய்த் திரும்பினார்.

காவலர் அறை இருந்த இடத்தில் ஆளுயர இயந்திரம் நின்றது. நாற்காலி இல்லை, ஆறு செகண்டுக்கு நாற்காலி எதற்கு? முன்னால் ஜீவரத்தினம், வாக்கரைப் பிடித்துக்கொண்டு, திட்டப்படி தன்னைப் பார்க்க வந்திருந்தார். டீச்சர் ஏதாவது பேசலாம் என்று வாயெடுப்பதற்குள் கதவு திறந்து, அவர் உள்ளே போய், கதவு மூடிக்கொண்டது.

டீச்சர் இயந்திரத்தின் முன்னால் நின்றார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. சொன்னார். உறவு என்ன என்று கேட்டது. பட்டியலில் புதிதாக 'தானே' என்று ஒன்று சேர்ந்திருந்தது. டீச்சர் 'நண்பர்' என்பதைத்தான் அழுத்தினார்.

கையில் செல்போன் அதிர்ந்தது. 'பியூலா வாசலில் நிற்கிறார். உள்ளே விடலாமா?'

வழக்கம்போல் தொடாமல் நின்றார். வெயில் பிடரியில் அடித்தது. எதிரே பேச ஒருவரும் இல்லாமல் நாற்பத்தைந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று கணக்கு டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்தாவது நிமிஷத்தில் பின்னால் ஒருவர் வண்டியை நிறுத்தி, "மேடம், சாப்பாடு ஆறுது, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். முதல் முறையாக டீச்சர் 'விடலாம்' என்பதை அழுத்தினார்.

"வருக பியூலா" என்றது இயந்திரம், ஒரு பெண் குரலில். "பி-704இல் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

லிஃப்டில் அந்த நோட்டீஸ் இல்லை. பிய்த்த செலோ டேப்பின் நாலு மூலை மட்டும் மிச்சமிருந்தது. ஏழாம் மாடியில் இறங்கி, தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். சாவி கைப்பையில்தான் இருந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை, சாவியை எடுக்காமல் காலிங் பெல்லை அழுத்தினார். உள்ளே மணி அடிப்பது தெளிவாகக் கேட்டது. ஃப்ளாஸ்க்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, டீச்சர் காத்திருந்தார்.